பின்வாசல் படகுத்துறையை யாருக்கு வாடகைக்கு விடுவது? ஃபோர்ட் லாடர்டேல் கால்வாய் வீடுகளுக்கான அலசல்

தெற்கு ஃபுளோரிடாவில் கால்வாய்க் கரையில் வீடு வாங்குகிற பலரிடம் படகு கிடையாது. தண்ணீர் பார்க்கும் வீடு வேண்டும் என்று வாங்குகிறார்கள். பின்னால் எழுபது, எண்பது அடி நீளத்துக்குக் கடல் சுவரும் பலகைத் துறையும் சும்மா கிடக்கின்றன. வீட்டுக் காப்பீட்டுத் தொகை அச்சுறுத்தும் ஊரில், அந்தத் துறையை வாடகைக்கு விட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. விடலாம். ஆனால் யாருக்கு விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வாடகைத் தொகையை வைத்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான படகைக் கட்டிவைக்கிறார்கள் என்பது என் கருத்து. நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: படகுக்காரர் இரவில் எங்கே தூங்குகிறார்?

அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1920களில் சார்லஸ் ரோட்ஸ் என்ற மனை வணிகர் இங்கே சதுப்பு நிலத்தில் விரல் விரலாகக் கால்வாய் வெட்டி, வெட்டிய மண்ணை நடுவில் கொட்டி மனைகள் போட்டார். அந்த முறை பரவி, இன்று நகருக்குள் சுமார் 165 மைல் நீர்வழி இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். 'அமெரிக்காவின் வெனிஸ்' என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். எல்லாம் உப்புத்தண்ணீர்; போர்ட் எவர்கிளேட்ஸ் முகத்துவாரம் வழியாகக் கடலோடு சேர்ந்து நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டரை அடி வரை வித்தியாசம் இருக்கும். கட்டும் கயிற்றில் அதற்கு இடம் விடத் தெரியாதவர் கட்டிய படகு துறையோடு உரசிக்கொண்டே கிடக்கும்.

துறை வாடகை படகின் நீளத்துக்கு, அடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. கணக்குக்காக அடிக்கு மாதம் 20 டாலர் என்று வைத்துக்கொண்டால் 40 அடிப் படகுக்கு 800 டாலர். ஆனால் உங்கள் கால்வாயில் எந்தப் படகு வர முடியும் என்பதைத் தீர்மானிப்பது வேறு சில அளவுகள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் திறக்காத பாலம் ஏதாவது இருந்தால் உயர்ந்த பாய்மரப் படகு வராது. நகரின் நடுவே ஓடும் நியூ ரிவர் ஆற்றின் தெற்குக் கிளையில் ஐ-95 நெடுஞ்சாலைப் பாலத்தின் உயரம் 55 அடி; அதற்கு மேற்கே உள்ள வீட்டுக்காரர் உயர்ந்த பாய்மரத்தை மறந்துவிடலாம். பாய்மரப் படகுக்கு அடியில் ஆழமும் வேண்டும். வற்றத்தில் நாலடிதான் தண்ணீர் என்றால் விசைப்படகு மட்டுமே. கால்வாயின் அகலமும் முக்கியம். கட்டிய படகு நீர்வழியின் அகலத்தில் 30 சதவீதத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க நகர விதி அனுமதிப்பதில்லை. வீட்டுக்கு இருபுறமும் விட வேண்டிய இடைவெளிக் கோட்டையும் படகு தாண்டக் கூடாது. அதனால் எண்பது அடி மனைக்காரர் எண்பது அடிப் படகுக்கு விளம்பரம் கொடுத்துப் பயனில்லை. அளக்கும்போது மூக்கு நீட்டலையும் பின்னால் உள்ள குளிப்படியையும் சேர்த்து அளக்க வேண்டும். விற்பனைத் தாளில் 40 அடி என்றிருக்கும் படகு நேரில் 44 அடி வரும்.

அனுமதி விஷயத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். குடியிருப்பு மனையில் துறையை மட்டும் பிரித்து வாடகைக்கு விடலாமா என்பதற்கு ஊருக்கு ஊர், மண்டலத்துக்கு மண்டலம் விடை மாறும். எந்தப் பகுதியில் எதை அனுமதிக்கலாம் என்று வகுக்கும் நகரத்தின் மண்டலப் பிரிவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் பத்திரத்தையும் படியுங்கள். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: துறைக்கு அடியில் இருக்கும் நிலம் யாருடையது? இயற்கையான ஆற்றின் அடிநிலம் பொதுவாக மாநில அரசுடையது. சொந்த உபயோகத் துறைக்கு அரசு காட்டும் சலுகை, அதில் வருமானம் பார்க்க ஆரம்பித்தவுடன் கேள்விக்குள்ளாகும். குத்தகை எடுக்கச் சொல்லலாம். கரை நிலத்தை வெட்டி உண்டாக்கிய கால்வாயில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. பத்திரத்தையும் மனை வரைபடத்தையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாள் வாடகை, வார வாடகை

பணம் அதிகம் புழங்குவது இதில்தான். அக்டோபர் கடைசியில், சில ஆண்டுகளில் நவம்பர் தொடக்கம் வரை, 1959 முதல் நடந்துவரும் பன்னாட்டுப் படகுக் கண்காட்சி இங்கே கூடும்போது ஊரில் கயிறு கட்ட இடம் கிடைக்காது. அந்த வாரத்துக்கு மட்டும் துறையை விட்டு ஒரு மாத வாடகையை எடுக்க நினைப்பவர்கள் உண்டு. செயலிகளிலும் தனியார் துறைகள் வரத் தொடங்கிவிட்டன.

என் கேள்விக்கு வருவோம். இந்தப் படகுக்காரர் எங்கே தூங்குகிறார்? படகில்தான், உங்கள் படுக்கையறை ஜன்னலிலிருந்து முப்பது அடியில். குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடும், பணியாட்கள் காலை ஆறு மணிக்குத் தளத்தைக் கழுவ ஆரம்பிப்பார்கள், நீருக்கடியில் நீல விளக்கு எரியும். எதிர்க்கரை வீட்டுக்காரர் நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினால் போதும். குடியிருப்புப் பகுதிகளில் படகில் தங்கி வாழ்வதை நகர விதிகள் பெரும்பாலும் தடுக்கின்றன. அதோடு, ஒவ்வொரு முறையும் கால்வாயை முன்பின் பார்த்திராத ஒருவர் உங்கள் கடல் சுவரை நோக்கிப் படகை ஓட்டிவருகிறார். ஒவ்வொரு படகின் காப்பீட்டுத் தாளையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். விடுதி நடத்தும் பொறுமை உள்ளவருக்கு இது சரிவரலாம். நிம்மதியாக இருக்க வீடு வாங்கியவருக்குச் சொல்லமாட்டேன்.

குளிர்காலப் படகு

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து இறங்கி வரும் படகுகள். தாளில் பார்த்தால் இதைவிட நல்லது வேறில்லை. தேவை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் நல்ல விலை. சூறாவளிக் காலம் ஜூன் 1 அன்று தொடங்கும்போது படகு கிளம்பிப் போயிருக்கும். கோடையில் படகு ஃபுளோரிடாவில் இருக்கக் கூடாது என்று பல காப்பீட்டு நிறுவனங்களே நிபந்தனை வைப்பதால், வெளியேற்றும் வேலையை உங்களுக்காக இன்னொருவர் செய்துவிடுகிறார்.

இங்கும் அதே கேள்விதான். வருகிறவருக்கு இந்த ஊரில் சொந்த வீடோ அடுக்ககமோ இருந்தால், கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பெரும்பாலோர் இரண்டில் ஒரு வகை. படகிலேயே குளிர்காலத்தைக் கழிக்க வருபவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு நாள் வாடகையில் சொன்ன சிக்கல் ஆறு மாதத்துக்கு நீளும். படகைக் கட்டிவிட்டு விமானம் ஏறிப் போய், மாதம் ஒரு வாரம் மட்டும் வருபவர்கள் இன்னொரு வகை. படகின் அடித்தளத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றால், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர் என்ன செய்வார்? உங்களைத்தான் அழைப்பார். மே மாதம் இயந்திரம் பழுது, உதிரி பாகம் வரவில்லை, இரண்டு வாரம் பொறுங்கள் என்பார். அந்த இரண்டு வாரம் ஜூலை வரை இழுத்தால், சூறாவளிக் காலத்தில் ஆளில்லாத படகு உங்கள் தலையில். இந்த வகைக்கு விடுவதானால் மே 15 என்று கடைசி நாளைப் போட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் கசக்கும் அளவுக்கு வாடகையை ஏற்றி எழுதிவிடுங்கள்.

விற்பனைக்கு நிற்கும் படகு

தரகர்கள் கொண்டுவருவது. சத்தம் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, படகில் யாரும் தூங்குவதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு உரிமையாளர் எங்கே என்றே தெரியாது. படகு விற்காமல் ஓர் ஆண்டு போனால் அவருக்கு அதன் மேல் அக்கறை குறையும், முதலில் நிறுத்துவது துறை வாடகையைத்தான்.

வாடகை நின்றால் என்ன செய்ய முடியும் என்பதை இந்த இடத்தில் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபுளோரிடா சட்டம் உரிமம் பெற்ற மரீனாக்களுக்கு, அதாவது படகு நிறுத்துமிடங்களுக்கு, ஒரு வழி தருகிறது: பாக்கி வைத்த படகை, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே விற்றுக் கழித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தில் மரீனா என்றால் வணிக நிறுவனம். உங்கள் பின்வாசல் அதில் சேராது. கூட்டரசின் கடல்சார் சட்டப்படி, படகுக்குத் துறை கொடுத்தவருக்குப் படகின் மீதே பற்றுரிமை, அதாவது பாக்கிக்கு ஈடாகப் படகைப் பிடிக்கும் உரிமை, உண்டு. அதை நிலைநாட்டக் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான மார்ஷலை அனுப்பிப் படகைக் கைது செய்ய வேண்டும். வக்கீல் கட்டணமும் காவல் செலவும் சேர்ந்தால் சில மாத வாடகைப் பாக்கியை எளிதில் தாண்டும். கயிற்றை அவிழ்த்துத் தள்ளிவிடலாம் என்று ஆத்திரத்தில் நினைத்துவிடாதீர்கள்; அது உங்களையே குற்றவாளியாக்கும். இதனால்தான் யார் என்று தெரியாதவரின் பழைய, பெரிய படகைக் கண்டால் நான் விலகச் சொல்கிறேன். வாடகை எவ்வளவு என்றாலும் சரி.

லிஃப்ட் இருந்தால்

துறையில் படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் கருவி, அதாவது படகுத் தூக்கி, இருப்பவருக்குச் சிறிய விசைப்படகுக்காரர்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் படகில் சிப்பி ஒட்டாது, அடிப்பகுதியைச் சுரண்ட ஆள் தேவையில்லை. இவர்கள் உள்ளூர்க்காரர்கள், வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்கள். என் அளவுகோலில் தேறிவிடுகிறார்கள். ஆனால் தூக்கி உங்களுடையது. கம்பி அறுந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுத வேண்டும். தாங்கும் எடையை எரிபொருள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தூக்கிய படகின் வடிகால் மூடியைக் கழற்றாமல் விட்டால் ஒரு பேய்மழையில் உள்ளே தண்ணீர் நிறைந்து எடை எகிறும். 2023 ஏப்ரல் 12 அன்று இந்த நகரில் ஒரே நாளில் இரண்டடிக்கு மேல் மழை கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சூறாவளியின்போது படகைத் தூக்கியில் விட்டுவைப்பதும் ஆபத்து. கடல் பொங்கினால் படகு மிதந்து எழுந்து தூண்களின் மேல் விழும்.

அருகிலேயே வசிப்பவருக்கு ஆண்டு வாடகை

என் வாக்கு இதற்குத்தான். அடுத்த தெருவில் கால்வாய் இல்லாத வீட்டில் இருப்பவர், அல்லது இருபது நிமிடத் தொலைவில் அடுக்ககத்தில் இருப்பவர். முப்பது, நாற்பது அடி விசைப்படகு. வார இறுதியில் மீன் பிடிக்கப் போய்விட்டு மாலையில் படகைக் கழுவிக் கட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறவர். குளிர்கால விலை இவரிடம் கிடைக்காது. மரீனாவிலும், அடுக்கு மாடமாகப் படகை ஏற்றி வைக்கும் உலர் கிடங்கிலும் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார். இருந்தாலும் பன்னிரண்டு மாதமும் வாடகை வருகிறது, ஒரே காப்பீட்டுத் தாள், ஒரே முகம்.

இவருடைய ஒரே குறை, சூறாவளிக் காலத்திலும் படகு இங்கேயே இருக்கும். 2005 அக்டோபரில் வில்மா, 2017 செப்டம்பரில் இர்மா, இரண்டுமே இந்த ஊர் இருக்கும் பிராவர்ட் மாவட்டத்தை உலுக்கிய சூறாவளிகள். அந்த நேரத்தில் கயிறு கட்டத் தெரிந்தவர் இருபது நிமிடத்தில் வந்து நிற்பதற்குத்தான் நான் வாடகையைக் குறைக்கச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் அதற்கு நேரம் குறிக்க வேண்டும். சூறாவளிக் கண்காணிப்பு அறிவிப்பு, பலத்த காற்று வருவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்புதான் வரும். காற்று வலுத்தால் திறக்கும் பாலங்களைப் பூட்டிவிடுவார்கள். ஆற்றுக்குள் இருக்கும் படகு பிறகு நகர முடியாது. ஆகவே தேசியச் சூறாவளி மையத்தின் முன்கணிப்புக் கூம்புக்குள் (புயல் போகக்கூடிய பாதையை வரைபடத்தில் காட்டும் கூம்பு வடிவம்) பிராவர்ட் மாவட்டம் வந்த அன்றே படகுக்காரர் வர வேண்டும் என்று எழுதுங்கள். படகை எங்கே கொண்டுபோவார், அல்லது இங்கேயே எத்தனை கயிறு போட்டு எந்தத் தூண்களில் கட்டுவார் என்பதையும் ஒரு தாளில் வரைந்து வாங்கி வையுங்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களில் யார் வருவார் என்ற பெயரும் அதில் வேண்டும்.

மற்ற நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒப்பந்தம் குறிப்பிட்ட ஒரு படகுக்கு, பதிவு எண்ணோடு. நாளை பெரிய படகு வாங்கினால் புதிதாகப் பேச வேண்டும். இரவு தங்கல் இல்லை. வருவது பக்கவாட்டுக் கதவு வழியாக. மின்சாரத்துக்குத் தனி மீட்டர், கசிவு கண்டால் தானாகத் துண்டிக்கும் கருவி. உப்புக் காற்றில் அரித்த பழைய இணைப்பை அப்படியே கொடுத்துவிடாதீர்கள், தண்ணீரில் இறங்குகிறவர் உயிர் சம்பந்தப்பட்டது. படகின் பொறுப்புக் காப்பீட்டில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லுங்கள். வருமானம் பார்க்கும் நடவடிக்கையை வழக்கமான வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் விலக்கிவைக்கும். வரியும் உண்டு. கடை, அலுவலக வாடகைக்கு இருந்த விற்பனை வரியை ஃபுளோரிடா 2025 அக்டோபரில் நீக்கிவிட்டது, ஆனால் படகு கட்டும் இடத்துக்கான வரி நீடிக்கிறது: மாநிலத்துக்கு 6 சதவீதம், பிராவர்ட் மாவட்டத்துக்கு 1 சதவீதம். மேலே சொன்ன 800 டாலருக்கு 56 டாலர் கூடுதலாக வாங்கி வருவாய்த் துறைக்குக் கட்ட வேண்டும்.

கடல் சுவரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் பெரிய ஓதத்தில், அதாவது வழக்கத்தைவிட உயர்ந்த கடல் ஏற்றத்தில், உங்கள் சுவரைத் தாண்டித் தண்ணீர் தெருவுக்கு வந்தால், சுவரை உயர்த்தச் சொல்லி நகரம் நோட்டீஸ் விடும். அந்த வேலை நடக்கும் மாதங்களில் படகு வேறிடம் போக வேண்டும். அதற்கான அறிவிப்புக் காலத்தை, அறுபது நாளோ தொண்ணூறு நாளோ, முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.