டாங் நீர்மூழ்கியின் ரோந்து அறிக்கைகள்: ஸ்கேன் சுமார், சரக்கு அசல்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் அமெரிக்க நீர்மூழ்கி டாங் உள்பட, இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கிகளின் ரோந்து அறிக்கைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கப்பல் பெயரோடு ‘வார் பேட்ரோல்’ (War Patrol) என்றும் சேர்த்துத் தேடுங்கள். வெறும் ‘டாங்’ (Tang) என்றால் குப்பைதான் வரும்.

நுண்படச்சுருளிலிருந்து எடுத்த பக்கங்கள். மங்கிய இடங்களில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும், சொல் தேடலும் கைகொடுக்காது. அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் குறித்துச் சரிபாருங்கள். கப்பல் தரையில் நின்றால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்! நேரத்துக்குப் பின் ‘ஐ’ (I) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கிரீன்விச்சுக்கு 9 மணி முன்னே.

நாட்குறிப்போடு நிறுத்திவிடாதீர்கள். டார்பிடோ தாக்குதல் விவரம், பழுதுகள், எரிபொருள், மேலதிகாரிகளின் குறிப்புகள் எல்லாம் பின்பகுதியில்தான். மூழ்கடித்த கணக்கை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. 1944-இல் டாங்கின் மூன்றாவது ரோந்தில் அதன் தளபதி ஓகேன் சொன்னது 8 கப்பல். போருக்குப் பிந்தைய ஆய்வில் 10. பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் இருக்கும்.

ஐந்தாவது அறிக்கையைத் தனியாக எடைபோடுங்கள். தன் டார்பிடோவே வளைந்து திரும்பித் தாக்கி டாங் மூழ்கியது. பிழைத்தவர் 9 பேர். ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்ட ஓகேன் அதைப் பிற்பாடு நினைவிலிருந்து எழுதினார்.