லீவர் வளையமா, டிராக் சர்க்யூட்டா?

பழைய ரயில்பாதையை மீட்டு ஓட்டுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது: பாதையில் ஒரு ரயில் நிற்கும்போது இன்னொன்றுக்கு சிக்னல் கொடுத்துவிடாமல் தடுக்க எது நல்லது? லீவர் வளையம் என்றால் சிக்னலை இயக்கும் லீவரில் நினைவூட்டலாக மாட்டும் வளையம். டிராக் சர்க்யூட் என்றால் தண்டவாளத்தில் மின்சாரம் ஓட்டி, ரயில் நிற்பதைத் தானே கண்டுபிடிக்கும் அமைப்பு. 1915 மே 22, ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில். சிக்னல் கேபினிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் நின்ற உள்ளூர் ரயிலை சிக்னல்மேன் மறந்தே போனார். அதில்தான் அவரே வேலைக்கு வந்து இறங்கியிருந்தார்! ராணுவ ரயில் அதில் மோதியது, அப்புறம் எக்ஸ்பிரஸ். 200க்கும் மேற்பட்டோர் பலி. லீவரில் வளையம் மாட்டப்படவில்லை.

செலவு: வளையம் வெறும் உலோகத் துண்டு. சர்க்யூட்டுக்கு பேட்டரி, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), இன்சுலேஷன் எல்லாம் வேண்டும்.

எளிமை: கைப்பிடியில் மாட்டினால் சரி, லீவர் நகராது.

நம்பகம்: மாட்ட ஞாபகம் வர வேண்டுமே! சர்க்யூட்டில் ரயில் சக்கரமே மின்சாரத்தைக் குறுக்கே கடத்திவிடும். மின்சாரம் கிடைக்காமல் ரிலே விழும், சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். துருப்பிடித்த தண்டவாளம்தான் அதற்கு எதிரி, சக்கரம் வழியே மின்சாரம் சரியாகப் பாயாது.

நாளுக்கு இரண்டு மூன்று ரயில் என்றால் வளையம் போதும். அடுத்தடுத்து வந்தால் சர்க்யூட்தான்.