சிறிய அளவு மாடல் ரயில் இன்ஜின்கள்: பல வருட ஓட்டத்தில் தெரிந்த தரமும், புது வெளியீடுகளில் பார்க்க வேண்டியதும்

ஒரு என்-ஸ்கேல் (நிஜத்தின் 160இல் ஒரு பங்கு அளவு) மாடல் இன்ஜின் தேறுமா தேறாதா என்று பார்க்க எனக்கு ஒரு சோதனை போதும். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் அளந்து குறித்துக்கொண்டு, அதைக் கடக்க இன்ஜின் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பேன். நிஜத்தில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஷண்டிங் செய்யும், அதாவது பெட்டிகளை இடம் மாற்றிச் சேர்க்கும், இன்ஜினின் வேகத்தை 160இல் ஒரு பங்காக்கினால், ஒரு மீட்டருக்கு 115 விநாடி ஆகும். அந்த வேகத்தில் திக்காமல், நிற்காமல், விளக்கு மினுக்காமல் ஊர்ந்து போகிற இன்ஜின்தான் பல வருடம் கழித்தும் லேஅவுட்டில் (வீட்டில் அமைத்த மாடல் ரயில் பாதையில்) ஓடிக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் எல்லா இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அலமாரியில் வைத்து அழகு பார்க்க வாங்குகிறவர்களுக்கு இந்தப் பகிர்வு அதிகம் பயன்படாது. ஓட்டுவதற்காக வாங்குகிறவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை என்-ஸ்கேல், கூடவே கொஞ்சம் அதைவிடச் சிறிய 1:220 இசட். 1962இல் ஆர்னால்ட் நிறுவனம் ‘ராபிடோ’ என்ற பெயரில் 1:160 அளவுக்கு வந்ததிலிருந்து 9 மி.மீ. தண்டவாளம் நிலைத்துவிட்டது. நிஜப் பாதையின் 1,435 மி.மீ. அகலத்தை 160ஆல் வகுத்தால் 8.97 வரும், ஐரோப்பிய, அமெரிக்க மாடல்களுக்குக் கணக்கு கச்சிதம். பிரிட்டிஷ் மாடல்கள் 1:148, ஜப்பானிய மாடல்கள் 1:150. ஜப்பானில் பழைய பாதைகள் பெரும்பாலும் 1,067 மி.மீ. அகலம் என்பதால் கணக்குப்படி 7.1 மி.மீ. தண்டவாளம் வேண்டும், ஆனால் அவையும் ஓடுவது 9 மி.மீ.யில்தான். ஷின்கான்செனுக்கு மட்டும் 1:160 எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் ஒரே தண்டவாளத்தில் ஓடும் என்பதற்காக அருகருகே நிறுத்தினால், பிரிட்டிஷ் இன்ஜின் பக்கத்து ஐரோப்பிய இன்ஜினைவிட எட்டு சதவீதம் பெரிதாக நிற்கும். கண்ணுக்கு இது நன்றாகவே தெரியும். அறிவிப்புப் பக்கத்தில் ‘என்-கேஜ்’ என்று மட்டும் போட்டிருந்தால், 1:எத்தனை என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

சிறிய இன்ஜினின் எல்லாத் தொல்லைகளும் எடையில்தான் தொடங்குகின்றன. 1:87 ஹெச்ஓ அளவிலிருந்து 1:160க்கு வந்தால் நீளம் பாதிக்குச் சற்று மேலே நிற்கும், கன அளவோ ஆறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். எடையும் அதே கதிதான். ஆனால் தண்டவாளத்தில் படியும் தூசியும் கருப்பு அழுக்கும் அளவு சுருங்காது. ஆறில் ஒரு பங்கு எடையை வைத்துக்கொண்டு, அதே அழுக்கை அழுத்தித் தள்ளி, சக்கரம் வழியே மின்சாரம் எடுக்க வேண்டும். நிஜத்தில் மூன்று மீட்டர் அகலமுள்ள இன்ஜின் இங்கே 19 மி.மீ.க்கும் குறைவு. அந்த இடுக்குக்குள் மோட்டார், ஓட்டத்தைச் சீராக்கும் பிளைவீல், சர்க்யூட் போர்டு, விளக்கு, இப்போதெல்லாம் ஸ்பீக்கரும்கூட. இதில் எதற்கு இடம் கொடுத்தார்கள், எதற்கு இடத்தைப் பிடுங்கினார்கள் என்பதிலேயே தயாரிப்பாளரின் மனசு தெரிந்துவிடும். எடைக்கான உலோகத்தைக் குறைத்து ஒலிக்கு இடம் கொடுத்த இன்ஜின் எனக்கு வேண்டாம்.

இந்த விஷயத்தில் ஜப்பானிய நிறுவனமான கேட்டோவின் டீசல் இன்ஜின்களை மனதாரப் பாராட்டுவேன். 1965இல் சி50 நீராவி இன்ஜினோடு என்-ஸ்கேலுக்கு வந்தவர்கள் அவர்கள். டீசல்களில் சேசிஸை (அடிச்சட்டத்தை) நீளவாக்கில் இரண்டு உலோகப் பாதிகளாகச் செய்து, அந்தப் பாதிகளையே மின்கடத்தியாகவும் வைத்திருக்கிறார்கள். உள்ளே கம்பிகள் மிகக் குறைவு, இடத்தை நிறைத்திருப்பது எடை. எல்லாச் சக்கரமும் ஓடும், எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும். சக்கரத்தையும் மின் எடுக்கும் தகடுகளையும் அவ்வப்போது துடைத்து, கியருக்கு ஊசி முனையில் ஒரு துளி எண்ணெய் விடுவதோடு பராமரிப்பு முடிந்தது. பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது துளி விட்டால் அது மோட்டாருக்குள் சுருளுக்கு மின்சாரம் மாற்றித் தரும் கம்யூட்டேட்டர் வரை ஊர்ந்து போய்க் கெடுத்துவிடும்.

நீராவி இன்ஜின்கள் வேறு உலகம். அங்கே எடை வைக்க பாய்லர் மட்டும்தான், அதிலும் பாதி இடத்தை மோட்டார் எடுத்துக்கொள்ளும். இழுவைக்காகச் சில சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் போடுகிறார்கள். வளையம் போட்ட சக்கரம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மின்சாரம் எடுக்காது. தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமக்கும், ஆறு சக்கரமுள்ள குட்டி டேங்க் இன்ஜினில் இரண்டு சக்கரத்துக்கு வளையம் போட்டால் மிச்சம் நான்குதான். பாதை பிரியும் பாயிண்ட்டின் நடுவே, தண்டவாளங்கள் குறுக்கிடும் பிளாஸ்டிக் பிராக் மேல் அவற்றில் ஒன்று ஏறினால் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். வருடங்கள் போகப் போக வளையம் இறுகித் தேயும், தேய்ந்த துகள் தண்டவாளத்தை அழுக்காக்கும். டெண்டர் (கரியும் தண்ணீரும் ஏற்றிவரும் பின்பெட்டி) உள்ள இன்ஜினானால், டெண்டரின் எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெண்டர் வெறுமனே பின்னால் உருண்டு வருகிற மாடல்களை நான் இப்போது தொடுவதில்லை.

மோட்டார் விஷயத்தில் கடந்த சில வருடங்களில் வந்த மாற்றம் பெரிது. பழைய மூன்று முனை மோட்டாரில் இரும்பு உள்ளகம் காந்தத்தை விட்டு விட்டுப் பிடிப்பதால் மெதுவான ஓட்டம் துள்ளும். ஐந்து முனை மோட்டார் அதைக் குறைத்தது. இப்போது இரும்பு உள்ளகமே இல்லாத கோர்லெஸ் மோட்டார்கள் இசட், என் இரண்டிலும் பரவிவிட்டன. குறைந்த மின்னழுத்தத்திலேயே நகரத் தொடங்கும், சத்தம் குறைவு, மின்சாரமும் கொஞ்சம்தான் எடுக்கும். என்னிடம் இருக்கும் இசட் இன்ஜின்களில் பழைய மோட்டாருக்கும் கோர்லெஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு தலைமுறை வித்தியாசம். 1972இல் மார்க்லின் 1:220 அளவை அறிமுகப்படுத்திய காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத மெதுவான ஓட்டம் இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: கோர்லெஸ் மோட்டார் சீக்கிரம் சூடாகும். இன்ஜின் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கையில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் கருகிவிடும். பழைய வகைத் துடிப்பு மின்சாரக் கன்ட்ரோலர்களும் அதற்கு ஆகாது. புது இன்ஜின் வாங்கும்போது கன்ட்ரோலரையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி, வாங்கிய அன்றைக்குத் தெரியாத இரண்டு குறைகள்.

முதலாவது கியர் விரிசல். சக்கரத்தின் உலோக அச்சாணி மேல் பிளாஸ்டிக் கியரை இறுக்கமாக அழுத்திப் பொருத்தும்போது, அந்த இறுக்கம் பல வருடம் உள்ளிருந்தே பிளாஸ்டிக்கை விரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் மயிரிழை விரிசல் விடும். விரிசல் விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால், சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டிக்’ என்று குதிக்கும். நான் வைத்திருந்த ஒரு இன்ஜின், அலமாரிப் பெட்டியிலேயே பல மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தபோது இப்படிக் குதித்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை, ஆனால் அந்தத் தயாரிப்பாளரிடம் கியர் தனியாகக் கிடைக்கவில்லை; முழுச் சக்கரக்கட்டாகத்தான் தருவோம் என்றார்கள், அதுவும் இருப்பில் இல்லை. உடலும் பெயின்ட்டும் அப்பழுக்கில்லாமல் இருக்க, ஒரு பொட்டளவு கியருக்காக அந்த இன்ஜின் ஓய்வெடுக்கிறது. அதிலிருந்து உதிரிப் பாகப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் பதிவு செய்வதில்லை.

இரண்டாவது துத்தநாகக் கலவை அழுகல். சேசிஸ் வார்க்கும் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கொஞ்சம் சேர்ந்துவிட்டாலும், உலோகம் உள்ளே மணிமணியாக அரித்து, வீங்கி, வெடித்து, கடைசியில் கையில் பொடியாகும். ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தான் 1929இல் மிகத் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட ஸமாக் கலவைகளே உருவாயின. ஆனாலும் தொழிற்சாலையில் கவனம் தவறிய ஏதோ ஒரு தொகுப்பில் இன்றைக்கும் இது தலைகாட்டும். மருந்து கிடையாது. பழைய இன்ஜின் வாங்கினால் பாடியைக் கழற்றி, சேசிஸின் பக்கங்கள் நேராக இருக்கின்றனவா என்று ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். பாடி நடுவில் உப்பியிருந்தால் விலகிவிடுங்கள்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நிஜத்தில் 30 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடிக் கம்பி இங்கே 0.19 மி.மீ. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாததால், நல்ல மாடல்களில் உலோகக் கம்பி போடுகிறார்கள். அச்சு எழுத்துகளோ உருப்பெருக்கி வைத்தால் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டன. இன்றைக்குத் தோற்றத்தில் மோசமான புது மாடல் அபூர்வம்.

தண்டவாளம் வழியே கட்டளை அனுப்பி ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியே ஓட்டும் டிஜிட்டல் பக்கத்தில் பெரிய நிம்மதி, 18 தொடர்புகள் கொண்ட நெக்ஸ்ட்18 சாக்கெட். அதற்கு முன் ஆறு முனை சாக்கெட், அதற்கும் முன் கம்பியை வெட்டிச் சாலிடர் வைக்கும் வேலை. இப்போது அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடரைச் செருகினால் வேலை முடிந்தது; முன் விளக்கு, பின் விளக்கு, கேபின் விளக்கு, ஒலி எல்லாம் அதிலேயே. ஒலியைவிட எனக்கு முக்கியம், மின்சாரம் கணநேரம் அறுந்தாலும் இன்ஜினை ஓட வைக்கும் கெபாசிட்டர்தான். மேலே சொன்ன எடைப் பிரச்சினைக்கு இதுவரை வந்ததிலேயே சிறந்த பதில் அது. குட்டி இன்ஜின்களில் தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தித் தந்தால், பாயிண்ட் மேல் நின்றுபோகும் கதைக்கு இடமே இல்லை.

அடுத்து, வரப்போகிறவை. வருடத் தொடக்கத்தில் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சியை ஒட்டி அறிவிப்புகள் மழையாகக் கொட்டும். அந்தப் பட்டியல்களில் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: இது புது வார்ப்பு அச்சா, பழைய வார்ப்பு அச்சில் புது நிறமா? எஃகு அச்சு வெட்டுவதில்தான் பெரிய முதலீடு. அதை மீட்க ஒரே அச்சில் பல நிறம், பல எண் போட்டு வருடக்கணக்கில் வெளியிடுவார்கள். அது தவறே இல்லை. நன்றாக ஓடுகிற சேசிஸில் புது நிறம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் இருபது வருடப் பழைய மெக்கானிசத்துக்குப் பளபளப்பான படம் போட்டு ‘புதிது’ என்று எழுதியிருக்கும்போது, மோட்டார் எது, சாக்கெட் எது, சக்கர விளிம்பின் ஆழம் எவ்வளவு என்று கேட்காமல் விடக்கூடாது. பழைய ஆழ விளிம்புச் சக்கரங்கள், 0.055 அங்குலமே உயரமுள்ள தாழ்ந்த கோட் 55 தண்டவாளத்தில் கட்டைகளில் இடித்துக்கொண்டே போகும்.

புது அச்சு என்றால் பொறுமை வேண்டும். அறிவிப்பு, கணினி வரைபடம், அச்சு, முதல் வார்ப்பு மாதிரி, பெயின்ட் அடித்த மாதிரி, தொழிற்சாலையில் முறை கிடைத்தல், கப்பல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் வரும். பல நிறுவனங்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. சீனாவில் இருக்கும் சில தொழிற்சாலைகளையே நம்பியிருக்கிறார்கள். பாக்மன் என்ற மாடல் ரயில் நிறுவனத்தின் தாய் நிறுவனமான கேடர், 2008இல் பலருக்கும் உற்பத்தி செய்துகொடுத்த சாண்டா கான் தொழிற்சாலையை வாங்கியதை நினைவில் வைத்தால், ஒரு கை மாறினால் எத்தனை பேருடைய அட்டவணை ஆடும் என்பது புரியும். படம் கணினியில் வரைந்ததாகவே இருக்கும்வரை தேதியை நான் நம்புவதில்லை. வார்ப்பு மாதிரி தண்டவாளத்தில் ஓடும் காணொளி வந்த பிறகுதான் இடம் ஒதுக்குவேன்.

முன்பதிவு குறைந்தால் திட்டமே கைவிடப்படும் முறையும் பரவிவிட்டது. பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கும் இன்ஜின்கள் அதனால்தான் என்-ஸ்கேலுக்கு வருகின்றன என்பதால் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அப்படி வருபவை ஒரே தொகுப்போடு நின்றுவிடலாம், உதிரியும் அதோடு சரி. பிடித்த இன்ஜினானால் முன்பதிவின்போதே கியர், ரப்பர் வளையம், பெட்டிகளை இணைக்கும் கப்ளர் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சற்றுப் பெரிய அளவுக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு 1:120 டிடி நல்ல வழி. ஐரோப்பாவில் டில்லிக் நிறுவனம் நீண்ட காலமாகத் தாங்கிவரும் அளவு இது. 2022இல் பிரிட்டிஷ் நிறுவனங்களான ஹார்ன்பியும் பீக்கோவும் இறங்கியதில் பிரிட்டிஷ் மாடல்களுக்கும் 12 மி.மீ. தண்டவாளம் சரியான கணக்கில் கிடைத்துவிட்டது. என்-ஸ்கேலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கன அளவு என்பதால், மெதுவான ஓட்டம் சுலபமாகவே கைகூடுகிறது. எதிர்த் திசையில் 3 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் 1:450 டி-கேஜும் இருக்கிறது. இழுவைக்காகச் சக்கரத்தில் காந்தமே வைக்கும் அளவுக்கு அங்கே எடைப் போராட்டம். பார்க்க அபாரம், ஆனால் ஷண்டிங் பிரியர்களுக்கு அல்ல.

நான் காத்திருப்பது கோர்லெஸ் மோட்டாரும் உள்ளேயே பொருத்திய கெபாசிட்டரும் கொண்ட, புது வார்ப்பு அச்சில் வரும் ஒரு ஆறு சக்கர டேங்க் இன்ஜினுக்கு. வந்தவுடன் முதல் தொகுப்பில் கைவைக்க மாட்டேன். ஆறு மாதம் மற்றவர்கள் ஓட்டியதைப் பார்ப்பேன், உதிரிப் பட்டியலில் கியர் தனியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் சரியென்றால் ஒன்றல்ல, இரண்டு வாங்குவேன்.