கொச்சி வொண்டர்லா: ஒரு பனியன் கம்பெனிக்காரியின் விமர்சனம்

வாட்டர் பார்க் என்றால் எல்லோரும் முதலில் டிக்கெட் விலையைக் கேட்பார்கள். நான் துணியைக் கேட்பேன். திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, பழக்க தோஷம்.

வொண்டர்லாவில் தண்ணீர்ப் பக்கம் இறங்க நைலான், பாலியஸ்டர், லைக்ரா வகையறா போட்டிருக்க வேண்டும். காட்டன் கூடாது. "உள்ளே டிரஸ் விக்கறதுக்குத்தான் இந்த ரூல்" என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விஷயம் அதுவல்ல. காட்டன் தேயத் தேயப் பஞ்சு உதிரும், அது போய் ஃபில்டரை அடைக்கும். வெறும் காற்றிலேயே பருத்தி 8.5 சதவீதம் ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். தண்ணீரில் முக்கினால் கேட்கவே வேண்டாம். ஊறிய காட்டன் பேண்ட்டோடு சறுக்குமரத்துக்குப் படியேறினால் இடுப்பு தாங்காது. ஜிப்பும் உலோகப் பட்டனும் ஃபைபர் சறுக்கைக் கீறிவிடும், அதனால் அவையும் வேண்டாம்.

எனவே கிளம்புவதற்கு முன்னாடியே திருப்பூர் காதர்பேட்டை துணிச் சந்தைக்கு ஒரு நடை போய்விடுவோம். ஏற்றுமதியில் மிஞ்சிய பாலி-ஸ்பான்டெக்ஸ் (பாலியஸ்டரோடு லைக்ரா மாதிரி இழுபடும் நூல் கலந்தது) லெக்கிங்ஸ், முழுக்கை டாப் எல்லாம் கிடைக்கும். துணியின் கனம் 180 ஜிஎஸ்எம்-க்குக் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) குறைந்து எடுக்காதீர்கள், நனைந்தால் உடம்பு தெரியும். வெளிர் நிறத்தைத் தொடவே வேண்டாம்.

என் மாமியார் கருநீல டாப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதைப் போட்டுட்டு நாலு பேரு முன்னாடி எப்படி நடக்கறது?" என்றார். "அங்க அத்தன பேரும் இதைத்தானுங்க அத்தை போட்டிருப்பாங்க" என்றேன். நம்பவில்லை. ஆனாலும் பையில் வைத்துக்கொண்டார்.

பாதையில் பெரிய சிக்கல் இல்லை. அவிநாசி, நீலாம்பூர் பைபாஸ், வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் என்று நேராகப் போகலாம். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில் 2021-ல் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு அங்கே மலைமேட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்கிற தொல்லை ஒழிந்தது. சுரங்கம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, பிள்ளைகள் கத்தி முடிப்பதற்குள் வெளியே வந்துவிடுவோம். ஆலுவாவுக்கு அப்புறம் கிழக்கம்பலம் வழியாகப் பார்க் இருக்கிற பள்ளிக்கரை. ஜூன், ஜூலையில் போனால் ஒன்று கவனிக்கலாம்: நம் ஊரில் காற்று மட்டும்தான் அடிக்கும், வாளையாறு தாண்டினால் வைப்பரைப் போட வேண்டியிருக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் புட்டும் கடலைக்கறியும் கிடைக்கிற சின்னக் கடையாகப் பார்த்து நிறுத்துங்கள். நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய ஓட்டலில் ஆறிப்போன தோசைக்கு ஏசி ரேட் போட்டார்கள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

பார்க் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. 2000-ல் வி-கார்ட் நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது. எங்கள் வீட்டு ஸ்டெபிலைசரும் அவருடையதுதான் என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்வார். பிள்ளைகளுக்கு வயசைப் பார்த்து அல்ல, உயரத்தை அளந்துதான் டிக்கெட். அதனால் என் சின்னவன் கவுண்ட்டரில் முழங்காலை மடக்கிக் குட்டையாக நின்றான். நிமிரச் சொல்லிவிட்டேன்.

அலைக்குளம்தான் எனக்குப் பிடித்த இடம். பெரிய சறுக்குகள் வாலிபப் பிள்ளைகளுக்கு, அலைக்குளம் எல்லோருக்கும். ஆழம் படிப்படியாகத்தான் கூடுகிறது, அதனால் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் உட்காரலாம். முதல் அலை வந்தபோது மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அடுத்த அலைக்குக் கையை விட்டார். அப்புறம் எழுப்பினால் எழவில்லை. பக்கத்தில் திருநெல்வேலிக்கார அம்மா ஒருவர் அதே மாதிரி கருநீலத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மருமகள்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்பது என் யூகம். முடிவில் வெந்நீர் மழையில் பாட்டுப் போட்டு ஆட விடுகிற இடத்துக்குப் போங்கள், நடுங்கிப்போன பிள்ளைகளுக்கு அது இதம்.

வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது, அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். ஓணம், கிறிஸ்துமஸ், ஞாயிறு தவிருங்கள். கைக்குழந்தையோடு போனால் ஒருவர் நனையாமல் காவலுக்கு உட்கார வேண்டியிருக்கும், அவருக்கு முழு டிக்கெட் தண்டம். நடந்து நீந்தி விளையாடுகிற பிள்ளைகள் இருந்தால் என் ஓட்டு வொண்டர்லாவுக்கு.

கடைசியாக ஒரு தொழில் ரகசியம். குளத்து நீரில் இருக்கிற குளோரின் ஸ்பான்டெக்ஸை அரித்துவிடும். ஈரத் துணியைக் கவரில் கட்டி டிக்கியில் போட்டு ஊர்வரை கொண்டுவராமல், அங்கேயே நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். வாஷிங் மெஷினில் வெந்நீர் வேண்டாம், நிழலில் காயட்டும். அடுத்த வருஷமும் அதே செட்டைப் போடலாம்.