வரிசையில் நின்றவர்கள் வாசித்த மாமியின் நோய்

யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பதிவுகள் கணினிக்கு மாறிவருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால், மாமியைக் கூட்டிச்சென்ற தனியார் மருத்துவ நிலையமொன்றில் கண்டதை அவரது சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன்.

பதிவு மேசையிலிருந்த கணினியின் திரை வரிசையைப் பார்த்தே திரும்பியிருந்தது. மாமியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், எந்த நோய்க்கு எந்தக் குளிசை என்பது வரை பின்னால் நின்ற எவரும் வாசிக்கலாம். போதாக்குறைக்கு, மேசையிலிருந்த பிள்ளை, "அம்மா, மனநோய்க் கிளினிக் மருந்து இன்னும் எடுக்கிறீங்களோ?" என்று உரத்துக் கேட்டார். மாமி பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பின்னால் நின்றவர்களில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவரும் இருந்தார். வீட்டில் பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வேளையில் இப்படியொரு செய்தி எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது ஊரவர்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் மாமி தன் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைப்பார். அது அவர் கையைவிட்டுப் போனதில்லை. இப்போதோ பதிவு மேசை, மருந்தகம், இரத்தப் பரிசோதனைக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் திரையின் ஓரத்தில் துண்டுக் காகிதத்தில் ஒட்டப்பட்டிருந்தது. நாளை மாமியின் பதிவை யாராவது வீண் ஆர்வத்தில் திறந்தாலும் திறந்தவர் யாரென்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் வாழும் நோர்வேயில், சிகிச்சை போன்ற தகுந்த காரணமின்றி ஒருவரின் பதிவைத் திறப்பதையே சட்டம் தடைசெய்கிறது. மருத்துவமனைப் பதிவை யார், எப்போது திறந்தார் என்பதை நோயாளி ஹெல்சநோர்கே (Helsenorge) என்ற அரச சுகாதார இணையத்தளத்திலேயே பார்க்கலாம்.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. மருத்துவ நிலையப் பொறுப்பாளரிடம் இதைச் சொன்னபோது, "இஞ்ச வேலை செய்யிறது எல்லாம் எங்கட பிள்ளையள்தானே" என்றார், மிகுந்த கனிவோடு. ஒஸ்லோவில் என் பதிவைத் திறக்கும் தாதிக்கு என் குடும்பத்தைத் தெரியாது. இங்கே திறப்பவருக்கு மாமியின் மூன்று தலைமுறையும் தெரியும். அதனால்தான் பூட்டு இங்கே இன்னும் இறுக்கமாக வேண்டும்.

மாமியைப் பார்க்கும் மருத்துவ நிபுணர் வருவது அங்கே மட்டும்தான் என்பதால், அடுத்த மாதமும் மாமி அங்கேதான் போகவேண்டும். திரையை உட்பக்கம் திருப்பவும், மருந்து விவரத்தை அறைக்குள் வைத்துக் கேட்கவும், ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வழங்கவும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.