லோலிகேயின் சோர்ட்/வித் அரங்கு: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோபன்ஹேகனில் ஒரே ஒரு டேனிஷ் நாடகம் பார்க்கத்தான் நேரம் என்றால், சோர்ட்/வித் அரங்கில் அன்று என்ன ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். நகரின் வெஸ்டர்ப்ரோ பகுதியில், பழைய இறைச்சி வணிக வட்டாரத்தில் இருக்கிறது. டிப்பல்ஸ்ப்ரோ ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 2011இல் நாடகாசிரியரும் இயக்குநருமான கிறிஸ்தியான் லோலிகே கலை இயக்குநராகப் பொறுப்பேற்றபோது இது கஃபேதியேட்டர் என்ற பெயரில் பழைய நகரத்துக்குள் இருந்தது. பெயரும் இடமும் பிறகுதான் மாறின.

லோலிகே 1973இல் பிறந்தவர். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்தில் இருக்கும் ஓர்ஹூஸ் தியேட்டரின் நாடக எழுத்துப் பயிற்சியை 2001இல் முடித்தவர். சர்ச்சைக்காரர் என்ற பெயரை மட்டும் நம்பி டிக்கெட் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். நாம் கேட்கவே விரும்பாத ஒரு குரலைத் தடையில்லாமல் பேசவிட்டு, அதில் எந்த வரிக்கு நம் தலை தானாக ஆடுகிறது என்று நம்மையே கவனிக்க வைப்பவர் அவர். அதில் அவருக்கு இணை சொல்ல டென்மார்க்கில் அதிகம் பேர் இல்லை.

'மேனிஃபெஸ்ட் 2083' (2012) இதற்குச் சரியான சான்று. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேரைக் கொன்ற வலதுசாரித் தீவிரவாதி ப்ரெய்விக் இணையத்தில் பரப்பிய, 1,500 பக்கங்களைத் தாண்டும் அறிக்கைதான் மூலம். வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே நாடகத்தை அறிவித்ததால் நார்வேயில் கொதித்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், கொலைகாரனுக்கு மேடையா என்று கேட்டதில் தவறே இல்லை. ஆனால் நாடகம் எடுத்த வழி வேறு. லோலிகேயுடன் சேர்ந்து எழுதிய நடிகர் ஓலாஃப் ஹாய்கோர் தனியாளாக நடித்தார். அந்த மனிதனின் தலைக்குள் ஒரு நடிகர் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே திரும்ப முடியாமல் போகும் என்ற சோதனைதான் முழு நாடகமும். அறிக்கையின் வாதம் சில இடங்களில் சாதாரண அரசியல் பேச்சுபோலவே ஒலிக்கும். அங்கேதான் வயிற்றைப் பிசையும்.

அவருடைய பல பிரதிகளில், பாத்திரமாகத் தொடங்கும் பேச்சு, பாத்திரத்தைப் பற்றிய விமர்சனமாகத் திரும்பி, அப்படியே பார்வையாளரைச் சீண்டுவதாகவும் ஆகிவிடும். டேனிஷ் தெரியாதவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துக்கொண்டே, நடிகர் யார் குரலில் பேசுகிறார் என்று தேடினால் இரண்டுமே தவறிவிடும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே மொழிக் குறிப்பைப் பாருங்கள். மொழிபெயர்ப்பு கிடைத்தால் பிரதியை ஒருமுறை வாசித்துவிட்டு, அரங்கில் நடிகரின் உடம்பைக் கவனியுங்கள்.

உடம்பு என்றதும் 'ஈ ஃபோலிங்' (2014) பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போரில் உடலாலும் மனதாலும் காயப்பட்ட டேனிஷ் வீரர்களையும் பாலே நடனக் கலைஞர்களையும் ஒரே மேடையில் நிறுத்திய படைப்பு. ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற கால் ஒரு பக்கம், கால் போன இடத்தில் செயற்கைக் கால் இன்னொரு பக்கம். வீரர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்வதால் அனுதாபம் காட்டித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை. லோலிகேயின் படைப்புகளில் இதற்கே முதலிடம் தருவேன்.

எல்லாமே இந்த உயரத்தில் இல்லை. அகதிகள் மீதான ஐரோப்பியப் பயத்தை ஜாம்பி வடிவத்தில் சொல்லும் 'லிவிங் டெட்' (2016), எடுத்த எடுப்பிலேயே பயத்தின் உச்சியில் ஏறி நிற்கிறது. அதற்கு மேல் ஏற இடமில்லாததால் பிற்பகுதி தளர்கிறது.

முதல்முறை இவரை அறிய விரும்புகிறவர்கள் டேனிஷ்-நார்வேஜிய நாடகாசிரியர் ஹோல்பெர்கின் 18ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நாடகமான 'எராஸ்மஸ் மொன்டானஸ்' வழியாக வரலாம். லோலிகே 2017இல் ஓர்ஹூஸ் தியேட்டரில் அதைத் தன் பாணியில் மேடையேற்றினார். படித்துவிட்டு ஊர் திரும்பும் மகன், "கல் பறக்காது, அம்மாவும் பறக்கமாட்டாள், ஆகவே அம்மா கல்" என்று தர்க்கம் பேச, அவள் நிஜமாகவே மிரண்டு அழும் மூலக் காட்சியை முன்கூட்டியே வாசித்துவிடுங்கள். படித்தவனின் திமிர், ஊராரின் பிடிவாதம் இரண்டில் எதன் பக்கமும் முழுதாகச் சாய முடியாத அந்தக் கதை லோலிகேக்கு ஏன் பிடித்தது என்று உடனே புரிந்துவிடும்.