ஹார்மோனிக் பேலன்ஸர் இன்ஸ்டாலர் செட்: வாங்கலாமா?

பழைய செவ்ரலே 350 எஞ்சினில் புது ஹார்மோனிக் பேலன்ஸர் (எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனையில் உட்காரும் சக்கரம்) ஏற்றுவதற்காக இந்த செட்டை வாங்கினேன். வேலை முடிந்து எஞ்சின் ஓடுகிறது. குறைகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன், ஆனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள், இது மாதிரி ஒரு கருவி கையில் இல்லாமல் பேலன்ஸர் வேலையில் இறங்கவே கூடாது.

பேலன்ஸர் வெறும் இரும்புச் சக்கரம் கிடையாது. நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டர் ஃபயர் ஆகும்போதும் கிராங்க்ஷாஃப்ட் துளியளவு முறுக்கிக்கொண்டு திரும்ப விடுபடும், அந்த அதிர்வை அடக்குவதுதான் இதன் வேலை. ரப்பர் பழசாகி இறுகிப்போனால் வெளி வளையம் நழுவி, ஸ்பார்க் விழும் நேரத்தைப் பார்த்து வைக்க உதவும் டைமிங் குறி இடம் மாறிவிடும், அதற்கப்புறம் லைட் அடித்துப் பார்த்து வைக்கும் டைமிங் எதையுமே நம்ப முடியாது. புதுசைச் சுத்தியலால் தட்டி ஏற்றினாலோ, அந்த ரப்பர் பிணைப்பும் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும்தான் அடி வாங்கும். மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீளமான போல்ட்டைப் போட்டு இறுக்கியே உள்ளே இழுப்பது இன்னொரு வழக்கம். ஹப் கிராங்க் முனையில் பிடிப்பாக உட்காரும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் இழுக்க நல்ல பலம் வேண்டும், அந்த பலம் முழுவதும் ஆரம்பத்தில் போல்ட் பிடித்திருக்கும் இரண்டு மூன்று மரையில் விழும். கிராங்கின் மரை உரிந்துவிட்டால் சின்ன பேலன்ஸர் வேலை எஞ்சினையே இறக்கும் வேலையாக மாறலாம்.

இந்தக் கருவி அந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. கருவியின் மரைத் தண்டை முதலில் கையாலேயே கிராங்குக்குள் போகிற வரைக்கும் திருகிவிடுகிறோம், அப்புறம் அது அசைவதே இல்லை. அதன் பின்முனையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் சுற்றினால் போதும். நட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒரு த்ரஸ்ட் பேரிங் இருப்பதால் ஹப்பின் முகம் உரசவில்லை, சுற்றுவதும் லேசாக இருந்தது. ஒரே சீரான எதிர்ப்போடு உள்ளே போய்க்கொண்டே இருந்த பேலன்ஸர் கடைசியில் டக்கென்று நின்று ஸ்பானர் கல்லாகிவிட்டது. உட்கார்ந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டுக் கருவியைக் கழற்றி, சரியான போல்ட்டையும் தடித்த வாஷரையும் போட்டு, 60 அடி-பவுண்டு டார்க் வைத்து முடித்தேன்.

இப்போது குறைகள். பேரிங் கிரீஸே இல்லாமல் காய்ந்துபோய் வந்தது, நானே போட்டுக்கொண்டேன். கூட வந்த தாளில் படம் மட்டும்தான். சீல் படும் இடத்தில் எண்ணெய் தடவ வேண்டும், கீ (ஹப் கிராங்கின் மேல் தனியாகச் சுற்றாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) வழியாக எண்ணெய் கசியாமல் அது உட்காரும் பள்ளத்தில் கொஞ்சம் சீலன்ட் வைக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கழற்றுவதற்கும் இந்த செட் உதவாது, ஹப்பில் மூன்று போல்ட் போட்டு இழுக்கும் புல்லர் தனியாக வேண்டும். வெளி வளையத்தில் கொக்கி மாட்டி இழுக்கும் புல்லரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, தண்டை வெவ்வேறு கிராங்க் துளைகளுக்குப் பொருத்தும் அடாப்டர்களில் உள்ள அளவுக் குறிகளைப் பார்த்துத்தான். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது. என் 350 ஸ்மால் பிளாக், அதாவது செவ்ரலேயின் சிறிய V8 வகை; அதன் கிராங்க் துளைக்கு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பெரிய வகையான பிக் பிளாக்குக்கு 1/2 அங்குலம், அதிலும் அங்குலத்துக்கு 20 மரை. செட்டில் 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்) அடாப்டரும் இருக்கிறது. 1/2 அங்குலத்தின் பிட்ச் 1.27 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அதேதான் என்பதால் 12 மில்லிமீட்டர்காரன் அந்தத் துளைக்குள் தளர்வாகப் போய்விடும், பிடித்த மாதிரியே தோன்றும், பலம் கொடுத்ததும் மரையைச் சீவிவிடும். அதனால் அடாப்டரைக் கழற்றிய பழைய போல்ட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், துளைக்குள் ஆடினால் அது தப்பான அளவு.

இன்னொன்று, ஆரம்பகால ஸ்மால் பிளாக் சிலவற்றில் கிராங்க் முனையில் போல்ட் துளையே கிடையாது, பேலன்ஸர் வெறும் பிடிப்பில்தான் நிற்கும். உங்களுடையது அப்படிப்பட்டதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். துளை போட்டு மரை வெட்டாத வரை இந்தக் கருவிக்கு அங்கே வேலை இல்லை.